ஏழு காலடிகள்

"எழுத்தை மிதிக்கிறவளுக்கு எதுக்குய்யா கைத்தட்டல்?"

அவள் மேடையை விட்டு இறங்கியதும் குரோனுமா பொரிந்து தள்ளினார். இருபது வருடமாக ஊர்க் கலைச் சங்கத் தலைவர் அவர்.

புதுப் பாலத்தின் திறப்பு விழா. மேடை முழுக்க விரித்த வெள்ளைத் தாளில், முரசு முழங்க முழங்க, துடைப்பம் அளவு தூரிகையால் 'பாலம்' என்று எழுத வந்தவள் மினாசே. எழுத்து பிரமாதமாகத்தான் வந்தது.

நடுவில் காற்றடித்துத் தாளின் ஒரு மூலை எழும்பியது. குரோனுமாவே ஷூவைக் கழற்றிவிட்டு மேடையேறி, மை வாளியைச் சுற்றி ஓடி, அந்த மூலையைக் கல் வைத்து அழுத்திவிட்டு இறங்கினார். அவருக்கும் கொஞ்சம் கைத்தட்டல் கிடைத்தது.

அப்புறம்தான் அந்தக் கூத்து. எழுதி முடித்தவள் சட்டென்று ஈர எழுத்தின் மேல் வெறுங்காலோடு ஏறினாள். வெள்ளைத் தாளில் ஏழு காலடி நடந்து, அதே மூலையில் காலை அழுத்தித் தேய்த்து நின்றாள்.

கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டம் குழம்பிப்போய், பாதிப் பேர் தட்டினார்கள்.

"ஏம்மா, புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு? நகர மன்றத்துல மாட்ட வேண்டிய தாளு!"

"மன்னிச்சிடுங்க ஐயா. என் தப்புதான்." மினாசே இடுப்புவரை குனிந்தாள்.

"காரணத்தைச் சொல்லு."

"நடக்கணும்னு தோணிச்சுங்க."

"தோணிச்சாமே! சரி, வேற தாள்ல எழுதிக் குடு."

"மேடையில ஒரு தடவை எழுதினதுதாங்க. மறுபடி எழுதறதில்லை."

"அப்ப இதை மாட்டவும் மாட்டோம். இனிமே இந்த ஊர்ல உனக்கு மேடையும் கிடையாது."

அவள் மறுபடி இடுப்புவரை குனிந்தாள். அதுதான் குரோனுமாவுக்கு விளங்கவில்லை. இவ்வளவு அடக்கமான பெண்ணா அப்படி ஆடினாள்?

மதியம் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதும் மனைவி ஃபுசாயேவிடம் அதே புலம்பல்தான்.

"இத்தனை பெரிய மனுஷங்க எதிர்ல, தாளை மிதிச்சு நாசம் பண்ணிட்டாடி..."

"அங்கேயே நில்லுங்க! உள்ள கால் வைக்காதீங்க!" என்று கத்தினாள் ஃபுசாயே.

"ஏன்? என்னாச்சு?"

"காலையிலதானே வெள்ளை வெளேர்னு துவைச்ச காலுறை எடுத்துக் குடுத்தேன்? எங்க போய் மிதிச்சீங்க, அடியெல்லாம் ஒரே மை!"