பல்லிக்குத் தெரியாத இங்கிலீஷ்

டிபன் டப்பாவிலிருந்து அவள் எடுத்த சீட்டில் சாவு என்று இருந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் 'டை'.

மற்றவர்களுக்கெல்லாம் ஈட், ஸ்லீப், குக்.

சனியன் அவளுக்கென்றே காத்திருந்தது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் கடைசிப் பரீட்சை. ஞானதுரை சாருக்குப் புத்தக உதாரணம் ஆகாது. அவரவர் வீட்டு ஆளை வைத்து சீட்டில் வந்த சொல்லுக்கு மூன்று காலத்திலும் வாக்கியம் சொல்ல வேண்டும்.

இறந்த காலத்துக்குத் தாத்தா இருந்தார். புண்ணியவான், முன்பே போய் உதவியிருந்தார்.

நிகழ்காலத்தில் அடுக்களைக் கரப்பானைச் சாகடித்தாள். அதுவும் வீட்டில்தானே இருக்கிறது என்று சார் விட்டுவிட்டார்.

எதிர்காலம்தான் இடித்தது.

வேறு நாளென்றால் யோசித்தே இருக்க மாட்டாள். மாமியார் இருக்கிறாளே. இவள் வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் "துரைசானி பொறப்பட்டாச்சு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லும் வாய்.

திங்கட்கிழமை அந்த அம்மாளுக்கு இருதய ஆபரேஷன்.

நேற்றிலிருந்து அந்த வாய் பேசவில்லை. வீடு வீடாகவே இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

போதாததற்கு டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி. சற்று முன் பக்கத்து பெஞ்சு கோமதி, "மை சன் வில் பாஸ்" என்று முடித்ததும் அது "உச், உச்" என்றது. பல்லி சொன்னால் பலிக்கும். வகுப்பே விரலால் பெஞ்சைத் தட்டியது.

"பல்லிக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. நீங்க சொல்லுங்க" என்றார் சார்.

அவள் டியூப்லைட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"மை மதர் இன் லா வில் நாட் டை."

சார் மார்க் போட்டுவிட்டு உட்காரச் சொன்னார்.

அவள் உட்காரவில்லை. பல்லி ஒன்றும் சொல்லவில்லையே.

மறுபடி சொன்னாள், இன்னும் சத்தமாக.

மூன்றாம் முறை குரல் உடைந்தது.

வகுப்பு மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

சார் திரும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த கரும்பலகையை இன்னொரு முறை துடைத்தார்.

உச், உச், உச்.

எல்லோரும் பெஞ்சைத் தட்டினார்கள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தச் சத்தத்துக்கு முன்பே பல்லி ஜன்னல் வழியாக வெளியே போனதைக் கோமதி மட்டும் பார்த்திருந்தாள்.

எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியதும் கோமதிதான்.