பெண் பார்க்க வந்த சென்னை

"ஏய் அர்ஃபா, வெரசா முக்காட்டைச் சரி பண்ணு! கார் வந்துருச்சு!"

அர்ஃபாவின் அம்மா ரஹ்மத் பீவிக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. இருக்காதா பின்னே? சென்னை மாப்பிள்ளை! மெட்ரோ ரயிலில் வேலை! கொடைக்கானல் பஜாரில் தைலக்கடை வைத்திருக்கும் நசுருதீன் மகளுக்கு எப்பேர்ப்பட்ட இடம் வருகிறது பார் என்று, கடைகடையாக ஏறி இறங்கிச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இன்றைக்கு மாப்பிள்ளை அஸீமின் அம்மா வந்து பெண்ணைப் பார்த்து, சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

மாப்பிள்ளையின் அம்மா மஹ்ஜபின் சலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். முப்பது வருஷமாகச் சென்னையில் குடியிருப்பவள். சோபாவில் உட்கார்ந்ததும் அர்ஃபாவைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது.

"சென்னை பாத்திருக்கியாம்மா?"

"ஒரு தடவை மாமி. பீச்சு மட்டும்."

"பீச்சை எல்லாரும்தான் பாக்குறாங்க. நான் ஊரைச் சொல்றேன், கேளு."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு, ஓடாது. தண்ணி லாரி வர்ற அன்னைக்குத் தூக்கமும் கிடையாது, சமையலும் கிடையாது, குடமும் கையுமா நிக்க வேண்டியதுதான். மே மாசம் ஃபேனைப் போட்டா அனல்தான் இறங்கும். டிசம்பர்ல மழை பெஞ்சா தெருவுல பைக்கு மிதக்கும்."

ரஹ்மத் பீவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அட, மழைன்னா எல்லா ஊர்லயும்தான..." என்று இழுத்தாள்.

மஹ்ஜபின் காதில் விழுந்தால்தானே!

"பக்கத்து வீட்டுக்காரங்க பேரு எனக்கு இன்னும் தெரியாது. நாலு தெரு தள்ளிப் போகணும்னாலும் டிராஃபிக்குக்குன்னு தனியா நேரம் ஒதுக்கணும். சமையக்கட்டுல ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் முதுகு சுவத்துல ஒட்டும். என் பையன் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வருவான், நீ அப்பத்தான் வேலைக்குக் கிளம்புவ. வாசல்படியில பாத்துக்கலாம்."

பெண் பார்க்க வந்த இடத்தில் எந்த மாமியாராவது இப்படிப் பேசுவாளா? எங்கள் வீட்டில் அது இருக்கிறது, இது இருக்கிறது என்றல்லவா அளப்பார்கள்! ரஹ்மத் பீவிக்கு விஷயம் புரிந்துபோயிற்று. பெண்ணைப் பிடிக்கவில்லை. அதை நேராகச் சொல்ல வாய் வராமல், பிள்ளையைப் பயமுறுத்திக் கழற்றிவிடப் பார்க்கிறாள். பஜார் பூராவும் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தாயிற்றே, நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கடைவீதியில் நடப்பது?

ரஹ்மத் பீவியின் மகன் சஃபீரின் மனைவி ருகையா டீ கொண்டுவந்தாள்.

"நீ எந்த ஊரும்மா?" என்றாள் மஹ்ஜபின்.

"ராமநாதபுரம்ங்க."

"அடேயப்பா! அந்த வெயில்லேருந்து இங்கயா? குளிர் பழகிடுச்சா?"

ருகையா வாயைத் திறப்பதற்குள் ரஹ்மத் பீவி முந்திக்கொண்டாள். "அதெல்லாம் எப்பவோ பழகிருச்சு! நீங்க டீயக் குடிங்க."

மஹ்ஜபின் டீயைக் குடித்தாள். குடித்துவிட்டுக் கொசுவைப் பற்றி ஆரம்பித்தாள். ரஹ்மத் பீவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, பொண்ணு புடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம். அதுக்காக இம்புட்டு சுத்தி வளைக்க வேணாம்."

மஹ்ஜபின் திகைத்துப் போனாள். ஆனால் அர்ஃபாவின் கையை விடவில்லை.

"புடிக்கலையா? யாருங்க சொன்னது? பாத்த நிமிஷமே புடிச்சுப்போச்சு. அதனாலதான் சொல்றேன். புதுசா வர்ற பொண்ணு பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவா, வெளிய சத்தம் கேக்கக் கூடாதுன்னு. அப்புறம் லாரித் தண்ணி வீணாப் போகுதேன்னு அழுகையையும் நிறுத்திருவா. நான் அப்படித்தான் அழுதேன். இவ அழக் கூடாது. எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்பவும் வர்றேன்னு சொன்னா வரட்டும்."

அர்ஃபா மெல்ல நிமிர்ந்தாள். "அங்க உங்களுக்குப் புடிச்சது ஒண்ணுகூட இல்லையா மாமி?"

"ஐயோ, என்னம்மா இப்படிக் கேட்டுட்ட! அந்த ஊரை விட்டு ரெண்டு நாள் இருக்க முடியுமா என்னால? தனியா எங்க போனாலும் 'நீ யார் வீட்டுப் பொண்ணு'ன்னு ஒருத்தர் கேக்க மாட்டாங்க. ஆசைப்பட்டா கிளம்பிப் போய் ஒரு பிரியாணி சாப்பிட்டு வருவேன். நேத்து ராத்திரி உங்க ஊர் லாட்ஜுல ரயில் சத்தம் கேக்காம எனக்குத் தூக்கமே வரலை!"

அர்ஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் வர்றேன் மாமி."

பூ வைக்க நாள் குறித்துவிட்டுக் கார் கிளம்பியதுதான் தாமதம், ரஹ்மத் பீவி அடுப்படிக்கு ஓடினாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கேட்டியா ருகையா! ஒரு குறையக்கூட ஒளிக்காம, அம்புட்டையும் முன்னாடியே சொல்லிட்டுப் பொண்ணு கேக்குறாங்க. இப்படி ஒரு மாமியார் எவளுக்குக் கெடைப்பா, சொல்லு!"

அடுப்பில் கையைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்த ருகையா, ஸ்வெட்டருக்கு மேல் போட்டிருந்த ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினாள்.

"கெடைக்க மாட்டாங்கதான் மாமி. என்னையப் பாக்க வந்தன்னைக்கு, 'எங்க ஊரு முழுக்க ஏசிதாம்மா'ன்னு மட்டுந்தான நீங்க சொன்னீங்க?"