கல்லறைத் தோட்டத்துக் குழாய்

எங்கள் கிரேக்கத் தீவுகளில் முதுகுப்பையோடு காசில்லாமல் சுற்றுகிற எல்லோருக்கும் தெரியும், நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் கல்லறைத் தோட்டத்துக் குழாய்தான். உச்சி வெயிலில் அங்கே யாரும் வரமாட்டார்கள். ஐந்து நாள் கடற்கரைக் கூடாரத்தில் தோலில் ஏறிய உப்பு இப்போதுதான் கரைந்து இறங்குகிறது. வெள்ளைச் சலவைக்கல் மேல் சோப்பு நுரை ஓடுகிறது. "நிறுத்திடாதடா யோர்தானிஸ், காதுல இன்னும் மணல் இருக்கு" என்று நண்பனிடம் கத்தித் திரும்பும்போதுதான் பார்க்கிறேன். கறுப்பு உடையில் ஒரு அம்மாள், கையில் நீலப் பிளாஸ்டிக் வாளியோடு, சைப்ரஸ் மர நிழலில் எப்போதிருந்தோ காத்து நிற்கிறாள். "மெதுவா குளிங்கப்பா." நாங்கள் பதறி விலகுகிறோம். அவள் வாளியைக் குழாயடியில் வைக்கிறாள். குழாய் இருமுகிறது, இரண்டு சொட்டு விடுகிறது, நின்றுவிடுகிறது. யோர்தானிஸ் சுவர்மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்க்கிறான். வெறும் தகரச் சத்தம். "தண்ணி லாரி எப்பம்மா வரும்?" "திங்கக்கெழமை." இன்று வியாழன். "மன்னிச்சிருங்கம்மா, எங்களுக்குத் தெரியாது" என்கிறேன். தெரியும். 'தண்ணீர் பூக்களுக்கு மட்டும்' என்ற பலகையின் மேல்தான் என் துண்டு தொங்குகிறது. அவள் அதைப் பார்க்கிறாள். பக்கத்துக் கல்லறைக்குப் போய், அதில் பதித்த தன் கணவரின் படத்தைச் சட்டைக் கையால் துடைக்கிறாள். "உயிரோட இருந்தப்பவே இந்த மனுஷன் குளிக்கமாட்டாரு. இன்னும் நாலு நாள் பொறுக்கமாட்டாரா?" என்று சிரிக்கிறாள். படத்துக்குக் கீழே ஒரு பூந்தொட்டியில் திருநீற்றுப்பச்சைச் செடி வாடித் தொங்குகிறது. என் முடியிலிருந்து இன்னும் சொட்டுகிறது. நான் மண்டியிட்டு, அந்தப் பூந்தொட்டிக்கு மேலே தலையைக் குனிகிறேன்.