சுற்றுவழி

குளிரூட்டி இரையும் சின்ன அறையில், மருத்துவமனையின் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்பவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நாளை தெருவைத் தோண்டும்போது பிரதான இணைப்பு போய்விடும். அப்போது ஸ்கேன் படங்கள் வேறு வழியில் மருத்துவர்களிடம் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் இந்த ஒத்திகை. "வீடியோ கால்ல யார்கூடவாவது பேசிக்கிட்டே, மெயின் கேபிளை நீங்களே பிடுங்குங்க சார்." மேலாளர் மருத்துவமனை இணைப்பிலேயே மனைவியை அழைத்திருக்கிறார். வீட்டுச் சாவியை அவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டதற்காக அவள் மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டிருக்கிறாள். மேலாளர் இவள் பக்கம் திரும்புகிறார். "பக்கத்து லைன் இருக்கும்போது ரவுட்டர் ஏம்மா எல்லாத்தையும் மூணு கட்டடத்தச் சுத்தி அனுப்பணும்?" "பக்கத்து லைன் நூல் மாதிரி சார், நெரிசல்ல திணறிடும். ரவுட்டர் தூரத்தப் பாக்காது, எது தாங்கும்னு பாக்கும். அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்." மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குகிறார். ரவுட்டரின் மேல்வரிசைப் பச்சை விளக்கு அணைகிறது. திரையில் மனைவி, தூக்கிய விரலோடு, திறந்த வாயோடு அப்படியே உறைந்து நிற்கிறாள். மேலாளருக்கு நெற்றி வியர்க்கிறது. இவளோ கட்டிய கையை அவிழ்க்கவில்லை. கீழ்வரிசை மூலையில் அதுவரை சோம்பிக் கிடந்த விளக்கு ஒன்று படபடவென்று சிமிட்டத் தொடங்குகிறது. திரையில் அந்த விரல் இறங்குகிறது. "காதுல விழுதா, இல்லையா?" "விழுதும்மா, நல்லா விழுது!" மேலாளரின் முகமெல்லாம் பல். "இன்னும் கொஞ்சம் திட்டு!"