மடியில் கல்

அண்ணன் வரப்போரமாகக் குனிந்து குனிந்து கல் பொறுக்கி, வேட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி அதைச் சாமான் கொட்டகையின் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பக்கத்துக் காட்டுக்காரி சொன்னது சரிதான்" என்றாள் அவன் மனைவி, குரலைத் தாழ்த்தி. "நாம செங்கல் சூளைக்குக் கிளம்புற வரைக்கும் காத்திருந்து நம்ம வயல்ல இறங்குறாரு."

இன்று இருவரும் வேலைக்குப் போவதுபோலப் புறப்பட்டு, சுற்றுவழியாகத் திரும்பி வந்து பதுங்கியிருந்தார்கள்.

மழை ஏமாற்றிவிட்ட வருஷம். ஊரார் போட்ட மக்காச்சோளம் முழுக்க, அண்ணனுடையதும் சேர்த்து, நின்றபடியே கருகிவிட்டது. தம்பி முதல்முறையாகத் துணிந்து போட்ட தினை மட்டும் மணி பிடித்துத் தலை சாய்ந்து நின்றது.

விதைத்த அன்று அண்ணன் வரப்பில் நின்று சிரித்தார். "நல்ல மண்ணுல போய் புல்லை வெதைக்கிறியேடா" என்றார். இவன் பதிலுக்கு வார்த்தையை விட, அன்றோடு பேச்சு நின்றுபோனது.

"வயித்தெரிச்சல்" என்றான் தம்பி. "தன்னோடது போச்சு, இவனோடதும் போகட்டும்னு நினைக்கிறாரு."

"கதிரை அறுக்கிறாரோ?"

"இல்ல. நேத்து பார்த்தேன், ஒரு கதிர்லயும் அருவா படல. ஆனா வயலைச் சுத்தி அவர் கால்தடம்தான்."

"அப்ப கல்லு எதுக்கு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். முகம் சுருங்கியது. "அறுவடை மெஷின் வரப்போகுதுல்ல? பயிருக்குள்ள கல்லைப் போட்டு வச்சா பிளேடு போச்சு. எவனும் மெஷினை இந்தப் பக்கம் ஓட்ட மாட்டான்."

"சே. கூடப் பிறந்தவர் அப்படிச் செய்வாரா?"

"செய்வாரு. காலையில சலூன்ல பார்த்தேன். தொண்டை கட்டி, முடி வெட்டுறவர்கிட்ட சைகையில பேசிக்கிட்டிருக்காரு. ஊரெல்லாம் உட்கார்ந்து என்னைத் திட்டித் திட்டியே குரல் போயிருக்கும்."

அதற்குள் அண்ணன் கையை ஓங்கிவிட்டார். தம்பி கொட்டகையிலிருந்து பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என் பயிருக்குள்ளயா கல்லைப் போடுற?"

அண்ணன் பேச வாயெடுத்தார். காற்றுதான் வந்தது. பிடிபட்ட கையை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு கையால் மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வீசினார்.

வயலின் நடுவிலிருந்து குருவிகள் எழுந்தன. வெயிலே ஒரு நொடி மங்கியது, அத்தனை பெரிய கூட்டம்.

தம்பியின் பிடி தானாகத் தளர்ந்தது. பின்னால் ஓடிவந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சுத்துவட்டாரத்துல வேற எங்கயும் மணி இல்ல" என்று அண்ணன் செருமிச் செருமிக் கரகரத்தார். "மொத்தக் கூட்டமும் இங்கதான் இறங்குது. நீங்க ரெண்டு பேரும் சூளையில கிடக்குறீங்க. கத்திக் கத்தி விரட்ட ஆள் இல்லன்னா உமிதான் மிஞ்சும்."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் மேல இவ்வளவு பாசமாண்ணா?"

அண்ணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கருகி நின்ற தன் காட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"பாசம் கிடக்கட்டும். அடுத்த மழைக்கு வெதைக்க எனக்கும் கொஞ்சம் தினை வேணும்டா."