அஞ்சு வோல்ட் மரியாதை

ரிப்பேர் மேஜையில் ஒரு அலைகாட்டி. மின்துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆனால் அஞ்சு வோல்ட்டைத் தாண்டினால்தான் கண் திறப்பேன் என்று விழிக்கும் அளவான ட்ரிக்கரை உசத்தி வைத்துக்கொண்டு, ஜமீன்தார் மாதிரி சாய்ந்திருக்கும்.

பழுதாகி வந்த மின்பலகை மூணு வோல்ட்டில் வெட்டி வெட்டி இழுத்தது. அலைகாட்டியிலிருந்து நீண்டு அதைத் தொட்டுக்கொண்டிருந்த கம்பிமுனை, புரோப், பதறியது. "அண்ணே, ட்ரிக்கரை ரெண்டுக்கு இறக்குங்க. நீங்க காட்டினா மெக்கானிக் பார்த்துக் காப்பாத்திடுவார்."

"மூணுக்கெல்லாம் எழுந்தா என் கௌரவம் என்னடா ஆகிறது?"

"ஐயா, உள்ளே கொதிக்குது" என்று பலகை கெஞ்சியது.

"அஞ்சு வரட்டும்."

துடிப்பு பன்னிரண்டு வோல்ட்டுக்கு எகிறிப் பலகை வெடித்தது. அலைகாட்டி சட்டென்று விழித்து, அந்தக் கடைசித் துடிப்பைப் பிசகாமல் படம்பிடித்தது.

"பார்த்தியாடா, என் கண்ணுக்கு எதுவும் தப்பாது!"

"பிரமாதம்ண்ணே" என்றது புரோப். "அப்படியே சட்டம் போட்டு மாட்டி, மாலையும் போட்டுடுங்க."