இடது புருவம்

புருவம் போய்விட்டது.

குச்சியில் சுற்றிய ஈரப் பஞ்சில் கறுப்பாக ஒட்டியிருந்ததை அழுக்கு என்றுதான் நத்தை முதலில் நினைத்தாள். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தபோது, அதில் தீட்டியிருந்த, புத்தகம் படிக்கும் பெண்ணுக்கு வலது புருவம் மட்டும்தான் மிச்சம்.



பழைய நூலகம் ஒன்றின் வண்ணக் கண்ணாடி ஜன்னல் அது. நூற்றிருபது வயது. வண்ணக் கண்ணாடிகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றும் மேல்படிப்பில், கடைசி மாதப் பயிற்சிக்காக ஆளுக்கொரு கட்டமாக அதைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். முகம் இருந்த கட்டத்தை, பாடம் நடத்தும் மேடம் அவளிடம்தான் கொடுத்தார். உள்ளங்கை அகலக் கண்ணாடியைத் துடைக்க ஒரு பகல் எடுத்துக்கொள்வாள், அதனால்தான் நத்தை. மெதுவான கை தப்பு செய்யாது என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

பக்கத்து மேசையிலிருந்து லென்ஸ் எட்டிப் பார்த்தான். உடன் படிப்பவன், இரண்டு வயது சின்னவன். உருப்பெருக்கியை நெற்றியை விட்டுக் கழற்றாததால் வந்த பெயர் அது.

“யாரும் பாக்கலக்கா. பஞ்சை முழுங்கிடுங்க.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனே குரலைத் தாழ்த்தி, தானாக உதிர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், பழைய கண்ணாடியில் நடக்காததா என்றான். பயிற்சி முடிந்ததும் பட்டறையில் ஒரே ஒரு நிரந்தர வேலை. அது அவளுக்குத்தான் என்று கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. அவள் நழுவினால் அடுத்து அவன். இருந்தும் அப்படிச் சொன்னான்.

ஆனால் முதல் நாள் வகுப்பில் மேடம் சொன்னது வேறு. ‘கெடுத்தவங்களை நான் மன்னிப்பேன். மறைச்சவங்களை மன்னிக்க மாட்டேன்.’ அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடும் போட்டுவைத்தவள் நத்தை.

பஞ்சுக் குச்சியை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் திட்டவில்லை. வந்து கண்ணாடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எதைத் தொட்டுத் துடைச்ச?”

“வெறும் தண்ணி மேடம். கண்ணாடியில வரைஞ்சு சூளையில சுட்ட கோடு தண்ணிக்கு அசையாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. பழைய பதிவேட்டையும் பாத்தேன். முகம் அசல், யாரும் கை வைக்கலன்னு இருந்துச்சு.”

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே ஜன்னலை மேடம் பழுதுபார்த்தபோது எழுதிய பதிவேடு. அந்த வேலைதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

“அந்தக் காலத்துல ஒண்ணு ரெண்டு கோடு சரியா வேகாமலே வந்திருக்கும்மா. முதல்ல ஓரமாத் தொட்டுப் பாத்திருக்கணும்ல?”

பார்த்திருந்தாள். வலது புருவத்தின் ஓரத்தில் தொட்டுப் பார்த்தாள். அது அசையவே இல்லை. அதைச் சொன்னால் சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

மேடம் அவள் தோளில் கை வைத்தார். நூலகத்துக்காரர்களிடம் தானே பேசிக்கொள்வதாகவும், வழக்கு அது இது என்று போகாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நடந்ததைக் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

‘நூற்றிருபது வருடப் புருவத்தை என் கவனக்குறைவால் அழித்துவிட்டேன்’ என்று நத்தை எழுதினாள்.

மேடம் படித்துப் பார்த்து, ‘அசல்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார். ‘நூற்றிருபது வருட அசல் புருவத்தை’ என்று திருத்திக் கொடுத்தாள்.

மறுநாள் படிப்பை நடத்தும் கமிட்டி கூடியது. சொந்த மாணவி என்றும் பாராமல் உண்மையை முன்வைத்த மேடத்தை எல்லோரும் பாராட்டினார்கள். நத்தைக்குச் சான்றிதழ் கிடையாது என்றும், வேலை லென்ஸுக்கு என்றும் முடிவானது. அவன் அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்த படிப்பு. போனில் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

“வீட்ல ஜன்னலைத் துடைடின்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. அங்க போய்த் துடைச்சுக் கிழிச்சது போதும். கிளம்பி வா.”

தன் அழுகையை அடக்கத்தான் அம்மா அப்படிப் பேசுகிறாள் என்று தெரியும்.

“மேடம் ரொம்ப நல்லவங்கம்மா,” என்றாள். “வேற யாராவதா இருந்தா போலீஸ் வரைக்கும் போயிருப்பாங்க.”

மாலையில் அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்து, அப்படியே சொல்லிக்கொண்டும் போகலாம் என்று மேடத்தைத் தேடினாள். பட்டறையில் தனியாக, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். விளக்குப் பெட்டியின் மேல் அந்தக் கண்ணாடி. இவ்வளவு பழசை இனிச் சூளையில் வைக்க முடியாது. பசை கலந்த வண்ணத்தைக் கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்தார். பார்த்து வரைவதற்காகப் பெரிதாக்கிய புகைப்படம் உறைகூடப் பிரிக்காமல் ஓரமாகக் கிடந்தது.

தூரிகை ஒரே இழுப்பில் போனது. அதே வளைவு. வால் நுனியில் அதே மெல்லிய திருப்பம். போன புருவம் அச்சு அசலாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

என்ன கை இது என்று நத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள். தான் செய்த தப்பைச் சரிசெய்ய இவ்வளவு பெரிய மனுஷி குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று கண் நிறைந்தது.

அவள் நிற்பது தெரியாமல், மேடம் கிண்ணத்தைக் கலக்கியபடி தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார்.

“இந்தத் தடவை பசை கொஞ்சம் கூடவே இருக்கட்டும். போன தடவை பத்தாமப் போச்சு.”